நெருப்பில்லாமலும் புகைகிறது!

நெருப்பில்லாமல் புகையாது என்று எம் முன்னோர் கூறினர். விறகடுப்பை அறிந்தவர்களின் வாக்கு அது. அடுப்பைப் பொறுத்தவரையில் அதிற் பிழை எதுவும் இல்லை. ஆனால் பங்குச் சந்தை என்னும் விந்தையை அவர்கள் கண்டாரல்லர். அங்கே நெருப்பு வேண்டியதில்லை. புகையை மட்டும் தனியே செய்து, அதற்கு விலையும் வைத்து, கண்மூடித் திறப்பதற்குள் விற்றுவிட்டு மறைந்துவிடும் வியாபாரம் ஒன்று கால் நூற்றாண்டுக்கு மேலாக அமெரிக்காவில் நடந்து வருகிறது. "இன்ன கம்பனியை இன்ன பெருங்கம்பனி இத்தனை கோடி டொலருக்கு வாங்கப்போகிறது" என்னும் பொய்ச் செய்தியே அந்த வியாபாரத்தின் சரக்கு.

கணினி, தொலைத்தொடர்பு, இணையம் ஆகிய தொழில்நுட்பத் துறைகளிலே இச்சரக்கு மலிந்து கிடப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு நெல் ஆலையின் பெறுமதியை அதன் கட்டடத்தையும் இயந்திரத்தையும் களஞ்சியத்திலுள்ள நெல்லையும் பார்த்துக் கணித்துவிடலாம். நேற்றுத் தொடங்கிய கணினிக் கம்பனியின் பெறுமதியோ, நாளை அது என்னவாகும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. நம்பிக்கையே விலையாக இருக்கும் இடத்தில் வதந்தியைப் போல விரைவாக வேலைசெய்யும் உரம் வேறெதுவும் இல்லை.

"அமெரிக்கச் சீமான்களின் சூதாட்டம் எமக்கென்ன?" என்று கேட்கும் வாசகர் இருக்கலாம். அவருக்கு ஒன்று சொல்வோம். எம்மவரின் பிள்ளைகள் பலர் இன்று கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் கலிபோர்னியாவிலும் இதே தொழிலில் இருக்கிறார்கள். சம்பளத்தின் ஒரு பகுதியைப் பணமாகப் பெறாமல் கம்பனியின் பங்குரிமையாகப் பெற்றுக்கொண்டு, "என்றோ ஒருநாள் ஒரு பெருங்கம்பனி வந்து வாங்கும்" என்று காத்திருப்போர் அவர்களுள் உண்டு. காணியை ஈடுவைத்துப் பிள்ளையைப் படிப்பித்த கமக்காரனுக்கு, அந்தப் பிள்ளையின் உழைப்பு எந்தத் தராசில் நிறுக்கப்படுகிறது என்று கேட்க உரிமை இல்லையா?

பொய் விளைந்த கதை

1999ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், கலிபோர்னியாவிலிருந்த பெயர்கெயின் என்னும் தொலைத்தொடர்புக் கருவிக் கம்பனியை இஸ்ரவேல் நாட்டு ஈ.சி.ஐ. ரெலிகொம் 135 கோடி டொலருக்கு வாங்கப்போகிறது என்று ஓர் இணையப் பக்கம் அறிவித்தது. பார்த்தவர்களுக்கு அது புளூம்பேர்க் செய்தி நிறுவனத்தின் பக்கமாகவே தோன்றியது. உண்மையிலோ, எவரும் காசில்லாமல் பக்கம் திறக்கக்கூடிய ஓரிடத்தில் செய்துவைத்த போலி அது. பெயர்கெயினின் பங்கு விலை அன்று நூற்றுக்கு 31 வீதம் ஏறிற்று; பொய் வெளிப்பட்டதும் விழுந்தது. சில நாட்களுக்குள் பிடிபட்டவர் வெளியாள் அல்லர்; அதே கம்பனியில் வேலைபார்த்த 25 வயதுப் பொறியியலாளர். ஐந்து மாத வீட்டுக் காவலும், ஐந்து ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், ஏறக்குறைய 93,000 டொலர் இழப்பீடும் அவருக்கு விதிக்கப்பட்டன.

2012ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் நடந்தது இன்னும் வெட்கக்கேடானது. றோட் ஐலண்ட் மாநிலத்தில் ஐ.சி.ஓ.ஏ. என்றொரு சிறு கம்பனி. பொது இடங்களில் கம்பியில்லா இணைய வசதி செய்து கொடுப்பது அதன் தொழில். அதன் பங்கு ஒன்றின் விலை ஒரு சதத்திற்கும் குறைவு. இத்தகைய கம்பனியைக் கூகுள் 40 கோடி டொலருக்கு வாங்கிவிட்டது என்று ஓர் அறிக்கை, காசு பெற்றுக்கொண்டு கம்பனி அறிக்கைகளைப் பரப்பும் சேவை ஒன்றின் மூலம் வெளியாயிற்று. அசோசியேட்டட் பிரஸ் போன்ற பெரும் செய்தி நிறுவனமும், தொழில்நுட்பச் செய்திக்கென்றே நடத்தப்படும் டெக்கிரஞ்ச் போன்ற ஏடும் அதை அப்படியே பிரசுரித்தன. ஐ.சி.ஓ.ஏ.யின் தலைவரோ, தம்மை வாங்குவது பற்றி எவரும் தம்முடன் பேசியதே இல்லை என்றார். ஒரு தொலைபேசி அழைப்பு! பிரசுரிக்கும் முன் ஒரேயொரு அழைப்பு எடுத்திருந்தால் அந்தப் பொய் பிறந்த இடத்திலேயே செத்திருக்கும். அழைப்பதற்குக் கூடப் பொறுமையற்ற பத்திரிகையாளர் தம்மைச் செய்தியாளர் என்று அழைத்துக்கொள்வது எந்த நியாயத்தில்?

2015ஆம் ஆண்டு யூலை 14ஆம் நாள் மீண்டும் புளூம்பேர்க்கின் முகமூடி. டுவிட்டர் கம்பனியை 3,100 கோடி டொலருக்கு வாங்க ஒருவர் முன்வந்துள்ளார் என்றது அந்தப் போலிப் பக்கம். அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே அந்த இணைய முகவரி பதிவுசெய்யப்பட்டிருந்தது. டுவிட்டரின் முன்னாள் தலைவரின் பெயரைக்கூட அதில் பிழையாக எழுதியிருந்தார்கள். ஆயினும் பங்கு விலை நூற்றுக்கு 8 வீதமளவில் ஏறியது. பெயரைப் பிழைவிட்டவனின் பேச்சை நம்பிப் பணத்தைக் கொட்டியவர்கள் கல்லாதவர்களா? அல்லர். நூற்றுக்கணக்கான கோடிகளை ஆளும் கனவான்களும், செய்தியின் சொற்களைக் கண்டதுமே பங்கு வாங்கும்படி அவர்கள் பழக்கி வைத்திருக்கும் இயந்திரங்களும் உலாவும் சந்தை அது!

அடுத்த ஆண்டு, 2016 நவம்பர் 10ஆம் நாள், பொய் அரசாங்கத்தின் வாசலுக்கே வந்து சேர்ந்தது. கையிற் கட்டும் உடற்பயிற்சிக் கருவிகளைச் செய்த பிட்பிட் கம்பனியின் பங்குகளைச் சந்தை விலைக்கு மிக மேலாக, பங்கு ஒன்று 12 டொலர் 50 சதமாக வாங்கத் தயார் என்று ஏ.பி.எம். கப்பிட்டல் என்ற பெயரில் ஓர் ஆவணம் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணைக்குழுவின் இணையப் பதிவேட்டிலேயே பதிவாயிற்று. பதிந்தவர் வர்ஜீனியா மாநிலத்துப் பொறியியலாளர் ஒருவர் என்று 2017இல் அந்த ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. ஆவணம் பதிவாவதற்குச் சற்று முன்னர்த்தான் அவர் பிட்பிட் பங்கு விலை ஏறினால் இலாபம் தரும் உரிமைகளை வாங்கியிருந்தாராம். அவருக்குக் கிடைத்த இலாபமோ ஏறக்குறைய 3,100 டொலர்! அந்த அற்பத் தொகைக்காக ஒரு கம்பனியின் பங்குதாரர் அனைவரையும் ஏமாற்ற ஒருவரால் முடிந்தது. அதற்கு அரசாங்கப் பதிவேடே கருவியாகவும் உதவியது. அப்பதிவேட்டில் ஆவணம் இடுவோர் ஒவ்வொருவரும் தம் சொந்த அடையாளத்துடனேயே உட்புகவேண்டும் என்ற விதி 2025ஆம் ஆண்டிலேதான் கட்டாயமாயிற்று. கதவு உடைக்கப்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னர் பூட்டு வாங்கிய புத்திசாலித்தனத்தை என்னென்பது!

வக்கீல்களின் வாதங்கள்

இத்தனை நடந்த பின்னும் வதந்திக்கு வக்காலத்து வாங்குவோர் உளர். அவர்களின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

"பின்னர் அந்தக் கம்பனிகள் விற்கப்பட்டன அல்லவா? ஆகவே வதந்தியில் ஓர் உண்மை இருந்தது" என்பது முதலாவது வாதம். பெயர்கெயினை 2000ஆம் ஆண்டில் 160 கோடி டொலர் மதிப்பில் வாங்குவதாக அறிவித்தது ஏ.டி.சி. என்னும் வேறொரு கம்பனி. பிட்பிட்டை 210 கோடி டொலருக்கு வாங்குவதாகக் கூகுள் 2019 நவம்பரில் அறிவித்து, 2021 சனவரியில் அதை நிறைவேற்றியது. டுவிட்டரும் 2022இல் 4,400 கோடி டொலருக்கு இலோன் மஸ்க்கின் கைக்குப் போயிற்று. உண்மைதான். அதனாலென்ன? "நாளை மழை" என்று பொய் சொல்லி ஒருவனை விதைக்க வைத்தான் ஓர் அயலவன். மழை வரவில்லை, விதைநெல் கருகிற்று. அடுத்த போகத்தில் மழை பெய்தபோது, "நான் அன்றே சொன்னேனே!" என்று அவன் மார்தட்டினால் எம் கமக்காரர் அவனுக்கு மாலையா சூட்டுவார்கள்? கருகிய விதை கருகியதுதான். பின்வந்த உண்மை முன்சொன்ன பொய்யைக் கழுவாது.

"சந்தை தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது, சில நிமிடங்களில் விலை பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது" என்பது இரண்டாவது வாதம். விலை திரும்பி வருகிறது, பணம் வருகிறதா? உச்சியில் வாங்கியவனின் பணம் அதற்குச் சற்று முன் விற்றவனின் பையில் இருக்கிறது. வெள்ளம் வடிந்துவிட்டது என்பதால் அது அடித்துச் சென்ற மாடு தொழுவத்துக்குத் திரும்புவதில்லை.

"நட்டப்படுவோர் சூதாடிகள், அவர்களுக்காக ஏன் அழவேண்டும்?" என்பது மூன்றாவது வாதம். இதுவே எல்லாவற்றிலும் கொடியது என்போம். பங்குச் சந்தையில் இருப்பது சூதாடியின் பணம் மட்டுமன்று. ஆசிரியரும் தாதியரும் எழுதுவினைஞரும் மாதாமாதம் செலுத்திய ஓய்வூதிய நிதிகளும் அங்கேதான் இருக்கின்றன. அவர்களுக்கும் மேலாக, தம் வாழ்நாளின் நல்ல ஆண்டுகளை ஒரு கம்பனியின் பங்குரிமைக்காக ஈடுவைத்த ஊழியன் இருக்கிறான். அவனைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசவேண்டும்.

ஊழியனின் கணக்கு

புதிதாகத் தொடங்கிய கணினிக் கம்பனியில் சேரும் இளைஞனுக்குச் சம்பளத்தைக் குறைத்து, குறித்த விலையில் கம்பனிப் பங்குகளை வாங்கும் உரிமையைக் கொடுப்பது வழக்கம். "இப்போது கூலி குறைவு, அறுவடையில் உனக்குப் பங்குண்டு" என்று வயலுக்கு ஆள் சேர்ப்பதை ஒத்தது இது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சூடு அடித்து முடிந்ததும் யார் முதலில் அளந்து எடுப்பார் என்பது எழுதப்பட்ட உடன்படிக்கையில் இருக்கிறது. அதை அந்த இளைஞன் வாசிப்பது அருமை. முதல் போட்ட சீமான்கள் தம் முதலையும் அதற்கு மேலும் எடுத்த பின்னரே மற்றவர்களுக்கு அளக்கப்படும் என்பதே பல உடன்படிக்கைகளின் சாரம்.

குட் டெக்னோலொஜி என்னும் கம்பனியின் கதை இதற்குச் சான்று. அதன் பெறுமதி 110 கோடி டொலருக்கு மேல் என்று ஒருகாலம் பேசப்பட்டது. 2015 செப்டெம்பரில் பிளக்பெரி அதை 42 கோடியே 50 இலட்சம் டொலருக்கு வாங்குவதாக அறிவிக்கப்பட்டது. "42 கோடி!" என்றன தலைப்புகள். ஊழியரின் சாதாரணப் பங்கு ஒன்றுக்குக் கிடைத்ததோ 44 சதம். ஓராண்டுக்கு முன்னர் அதே பங்கு 4 டொலர் 32 சதமாக மதிக்கப்பட்டிருந்தது. அந்தப் பழைய மதிப்பை நம்பி, கையிற் காணாத செல்வத்துக்கு வரியும் கட்டியிருந்த ஊழியர் சிலர் இருந்தனர். முதலீட்டாளரின் முன்னுரிமைப் பங்குகளுக்குக் கிடைத்த விலையோ இதைவிடப் பல மடங்கு.

இது பொய் வதந்தியன்று. உண்மையாகவே நடந்த விற்பனை. உண்மை விற்பனையிலேயே ஊழியனின் பங்கு இவ்வளவுதான் என்றால், பொய் விற்பனையில் அவன் கதி என்ன? "கம்பனியை வாங்க ஆள் வந்துவிட்டது" என்ற சொல்லைக் கேட்டு, வேறிடத்தில் வந்த நல்ல உத்தியோகத்தை அவன் மறுக்கிறான். கடன் பட்டுத் தன் உரிமைப் பங்குகளை வாங்குகிறான். ஆறு மாதம் கழித்து வதந்தி கரைந்துபோகிறது, கடன் கரைவதில்லை. இந்த நட்டத்தைப் பங்குச் சந்தையின் எந்தப் பலகையும் காட்டாது. ஆணைக்குழு எதுவும் இதை விசாரிப்பதில்லை. சந்தைக்கே வராத இளங் கம்பனிகளில் வதந்தியைப் பரப்புவோர் பல வேளைகளில் உள்ளேயே இருக்கிறார்கள் என்பதே காரணம். ஒரு வாங்குவோன் இருப்பதாகக் காட்டினால் மற்றொருவன் விலையை உயர்த்துவான்; ஊழியர் ஓடிப்போகாமல் இருப்பர்; புதிய முதலீடு வரும். இவ்வாறு கணக்குப் போட்டே "விடயமறிந்த வட்டாரங்கள்" பத்திரிகையாளரின் காதிற் குசுகுசுக்கின்றன. எதிர்க்கம்பனிக்காரனும் இதே ஆயுதத்தை எடுப்பதுண்டு. "அவர்கள் விற்றுவிட்டுப் போகப்போகிறார்கள்" என்று ஒரு சொல்லைப் போட்டால் வாடிக்கையாளர் கைச்சாத்திடத் தயங்குவர் அல்லவா?

எஞ்சியிருப்பது பத்திரிகைச் சுதந்திரம் என்ற வாதம். அச்சுதந்திரத்தை உயிரினும் மேலாகப் போற்றுபவர்கள் நாம். பெயர் கூறாது செய்தி தருவோரைக் காப்பது பத்திரிகைத் தர்மம் என்பதையும் அறிவோம். ஆனால் அந்தக் காப்பு யாருக்காக ஏற்பட்டது? வலியோரின் அநீதியை வெளிப்படுத்தும் எளியோருக்காக ஏற்பட்டது. தன் சரக்கின் விலையை ஏற்றிக்கொள்ள விரும்பும் வியாபாரிக்குத் திரை பிடிப்பதற்காக அன்று. அவனுக்குத் திரை பிடிக்கும் பத்திரிகை அவனுடைய தரகனாகிவிடுகிறது. தரகுக் கூலி கூடப் பெறாத தரகன்!

சிறியோருக்கு ஒன்று, பெரியோருக்கு ஒன்று

3,100 டொலருக்காகப் பொய்யுரைத்தவரைச் சட்டம் தேடிப் பிடித்தது. பிடிக்கட்டும், நாம் மறுக்கவில்லை. ஆனால் 2018 ஓகஸ்ட் 7ஆம் நாள் நடந்ததையும் நினைவூட்டுகிறோம். டெஸ்லா கம்பனியின் தலைவர் இலோன் மஸ்க், பங்கு ஒன்றுக்கு 420 டொலர் வீதம் கொடுத்துக் கம்பனியைச் சந்தையிலிருந்து மீட்டுத் தனியார் உடைமையாக்க எண்ணியிருப்பதாகவும், அதற்கான பணம் உறுதியாகிவிட்டது என்றும் டுவிட்டரில் எழுதினார். பங்கு விலை பாய்ந்தது. அத்தகைய கொள்வனவு நடக்கவேயில்லை. ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது. இரண்டே நாளில் சமரசம்! அவரும் கம்பனியும் தலைக்கு 2 கோடி டொலர் தண்டம் செலுத்துவதென்றும், அவர் இயக்குநர் சபைத் தலைமையைச் சில ஆண்டுகளுக்கு விடுவதென்றும் முடிவாயிற்று. குற்றத்தை அவர் ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. பங்குதாரர் தொடுத்த வழக்கில், அக்கூற்று உண்மையன்று என நீதிபதி முன்னரே தீர்மானித்திருந்தும், அவர் பொறுப்பாளியல்லர் என 2023 பெப்ரவரியில் ஜூரிமார் தீர்ப்பளித்தனர். தீர்ப்பை நாம் மதிக்கிறோம். ஆயினும், எழுதியது உண்மையல்லாததாய் இருந்தும் எழுதியவர் பொறுப்பாளியல்லர் என்ற நிலை சட்டத்தின் குறையையே காட்டுகிறது என்று கூறாதிருக்க முடியவில்லை.

வேண்டுவது என்ன?

வதந்தி செழிப்பதற்கு மௌனமும் ஒரு நிலம். 1988ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பேசிக் எதிர் லெவின்சன் என்னும் வழக்கில் ஒரு தீர்ப்பு வழங்கியது. பேசிக் என்ற கம்பனி தன்னை விற்பதற்கான பேச்சுகளை நடத்திக்கொண்டே அப்படி ஏதும் இல்லை என்று மூன்று முறை மறுத்திருந்தது. அவ்வாறு பொய்யாக மறுப்பது பங்குதாரரை ஏமாற்றுவதாகலாம் என்றது நீதிமன்றம். நல்ல தீர்ப்பு. ஆனால் கம்பனிகள் அதிலிருந்து கற்ற பாடம் உண்மையைப் பேசுவதன்று, வாயே திறவாதிருப்பது. "கருத்துக் கூறுவதற்கில்லை" என்ற ஒற்றை வாக்கியம் அன்றுதொட்டு அவர்களின் கவசம். பொய் வதந்திக்கும் அதே பதில், மெய்ச் செய்திக்கும் அதே பதில். இவ்விரண்டையும் பாமரன் எப்படிப் பிரித்தறிவான்?

வழி இல்லாமலில்லை. பிரித்தானியாவில், ஒரு கம்பனியை இன்னார் வாங்கப்போகிறார் என்று வதந்தி எழுந்து விலையும் அசைந்தால் அறிவித்தல் கொடுத்தாகவேண்டும். பெயர் வெளிப்பட்டவர் 28 நாட்களுக்குள் உறுதியான விலை கூறவேண்டும். இல்லையேல் வாங்கும் எண்ணமில்லை என்று சொல்லி ஆறு மாதம் விலகி நிற்கவேண்டும். 2011ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள விதி இது. இந்தியாவிலும், பங்குச் சந்தையின் முதல் 100 கம்பனிகள் 2024 யூன் முதலும், முதல் 250 கம்பனிகள் அவ்வாண்டு டிசெம்பர் முதலும், விலையை அசைக்கும் பத்திரிகைச் செய்திகளை 24 மணி நேரத்துக்குள் ஏற்கவோ மறுக்கவோ விளக்கவோ வேண்டும் என்று விதித்துள்ளார்கள். இலண்டனுக்கும் மும்பைக்கும் இயலுவது நியூயோர்க்குக்கு இயலாதா? இயலும். மனமில்லை. புகையால் வயிறு வளர்ப்போர் அங்கே மிகப் பலர்.

சந்தைக்கு வராத கம்பனிகளையும் இவ்வொழுங்கு தொடவேண்டும் என்கிறோம். விற்பனைச் செய்தி பரவினால், தம்மிடம் பங்குரிமை பெற்ற ஊழியருக்கேனும் உண்மையைக் கூறும் கடமை அக்கம்பனிகளுக்கு இருக்கவேண்டும். விற்றால் யாருக்கு முதலில் எவ்வளவு என்ற கணக்கும் வேலைக்குச் சேரும் நாளிலேயே எழுத்தில் கொடுக்கப்படவேண்டும். பொய்யைப் பிரசுரித்த பத்திரிகை அதன் திருத்தத்தையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் பிரசுரிக்கவேண்டும்.

சட்டம் வரும்வரை எம்மவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. உண்மையான விற்பனைக்கு வாங்குவோனும் விற்போனும் பெயரோடு நின்று சாட்சி சொல்வார்கள். கொழும்பிலே 2005இல் தொடங்கப்பட்ட டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் மென்பொருட் கம்பனியை, 60 கோடி டொலருக்கு மேல் மதிப்பிட்டு, ஐரோப்பிய முதலீட்டு நிறுவனமாகிய ஈ.கியூ.ரி. வாங்குவது 2024 மே மாதத்தில் அவ்வாறுதான் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. பெயரில்லாத வட்டாரங்களின் செய்தியோ சாட்சியில்லாத உறுதியைப் போன்றது. உறுதியில் ஒப்பமும் சாட்சியும் இல்லையென்றால் எம் கமக்காரன் ஒரு பரப்புக் காணிக்குக்கூட முற்பணம் கொடுக்கமாட்டான். அந்தப் பழைய புத்தியை அவனுடைய படித்த பிள்ளைகள் கைவிடவேண்டியதில்லை. "வாங்குபவர் யார்? அவர் தம் வாயால் சொன்னாரா? நான் இதை நம்பினால் இலாபம் யாருக்கு?" என்று கேட்கட்டும். இக்கேள்விகளுக்கு விடை கிடைக்கும்வரை பணத்தையும் அசைக்கவேண்டாம், உத்தியோகத்தையும் விடவேண்டாம்.

புகையை விற்பவனைத் தண்டிப்பது அரசாங்கங்களின் கடமை. அவர்கள் அதைச் செய்யும்வரை நாம் ஓயாது கேட்போம். புகையை வாங்காதிருப்பது எங்கள் கையிலேயே இருக்கிறது. வாங்குவோர் இல்லாத சரக்கை எந்த வியாபாரியும் இரண்டாம் முறை சந்தைக்குக் கொண்டுவருவதில்லை.